பழைய கிளாரினெட்டை யார் செய்தது? பெல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பிள்ளை பள்ளி பேண்டில் சேர்ந்துவிட்டாள், புது கிளாரினெட்டின் விலையைக் கேட்டுவிட்டு கேரோசலில் பழையதைத் தேடுகிறீர்களா? படத்தில் பெரிதாகத் தெரிகிற பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிளாரினெட் என்பது வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸ், அதற்கடுத்த சின்னத் துண்டான பேரல், மேல் குழல், கீழ் குழல், அடியில் விரிந்திருக்கும் பெல் என ஐந்து துண்டு. நடுவில் இருக்கிற இரண்டு குழல்கள்தான் உண்மையான கருவி, மற்றதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

நான் முதலில் வாங்கியதில் பெல்லில் பஃபே கிராம்போன் என்ற பெயர்பெற்ற பிரெஞ்சு நிறுவனத்தின் முத்திரை இருந்தது. செங்காங் எம்ஆர்டி வாசலில் அவசரமாகப் பணத்தைக் கொடுத்து வாங்கிவந்து, வீட்டில் மேசைமேல் வைத்துப் பார்த்தால் குழல்கள் இரண்டும் வேறு யாரோ செய்தவை. மனசே விட்டுப்போனது. ‘வேண்டோரன் கிளாரினெட்’ என்று விற்பவர்களும் உண்டு. அது மவுத்பீஸுக்கும் அதில் கட்டி ஊதும் மெல்லிய பட்டையான ரீடுக்கும் பெயர்போன பிரெஞ்சு நிறுவனம், குழலைச் செய்தது வேறு ஆள்.

முத்திரை தேய்ந்திருந்தால் கைப்பேசி விளக்கை நேராக அடிக்காதீர்கள். குழலை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு குழலை மெல்ல உருட்டுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். அப்படியும் தெரியவில்லையா, விரல்நுனியில் துளி முகப் பவுடரைத் தொட்டு, விரலால் அழுத்தும் உலோகக் கீகளில் விழாமல் தடவி, மேலே நிற்பதைத் துணியால் துடைத்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி நிற்கும்.

பெயர் கிடைத்ததும் ஊரையும் படியுங்கள். செல்மர் பாரிஸ் வேறு, அமெரிக்காவில் மாணவர்களுக்காகச் செய்த செல்மர் பண்டி வேறு, விலையும் தரமும் கிட்டவே வராது. நோப்ளே, வீட்டோ இரண்டும் லெப்ளாங்க் நிறுவனத்தின் குடும்பம். எவெட் என்றிருந்தால் பஃபேயின் மாணவர் வரிசை. யமஹாவில் மூன்று இசைக்கவை சின்னமும் ஒய்சிஎல் என்று தொடங்கும் மாடல் எண்ணும் இருக்கும். கேள்வியே படாத பெயரா? பெரும்பாலும் அது கடைக்காரர் பெயர். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். அப்போது கீகளின் வடிவத்தைத் தெரிந்த கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் எச்பி என்ற இரண்டு எழுத்து. அது ‘ஹை பிட்ச்’, பழைய உயர் சுருதிக் கருவி, ‘ஏ’ ஸ்வரம் 452 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். 440ல் வாசிக்கும் பள்ளி பேண்டோடு சேரவே சேராது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். எல்பி, அதாவது ‘லோ பிட்ச்’ என்றால் சரி. கீ 17, விரல் துளைகளைச் சுற்றிய வளையம் 6 இருக்கிறதா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் இன்று பள்ளியில் சொல்லித்தருகிற போம் என்ற கீ அமைப்பு முறை. கறுப்பு மங்கிப் பச்சை கலந்த பழுப்பாகி, தேய்த்தால் கந்தக வாடை வந்தால் அது மரமல்ல, எபோனைட் என்ற கெட்டி ரப்பர்.

கடைசியாக வரிசை எண். பஃபேயில் மேல் குழல், கீழ் குழல் இரண்டிலும் ஒரே எண் இருக்கவேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் செய்த ஆண்டு வரும். அதனால் பணம் பேசுவதற்கு முன்பே விற்பவரிடம் இரண்டு குழல்களின் முத்திரையையும் எண்ணையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இன்னொன்று விற்பனைக்கு வரும்.