கடல் மீன் தொட்டியில் பச்சை முடிப்பாசியா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சேலத்தில் கடல் தொட்டி வைப்பவர்கள் பாக்கெட் உப்பை நன்னீரில் கரைத்துத்தான் கடலை உண்டாக்க வேண்டும். அதனால் பாறை மேல் பச்சை முடி போலப் பாசி படர்ந்தால், என் முதல் சந்தேகம் அந்த நன்னீர் மேல்தான்.

1. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். மேட்டூரிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது. வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே என்பீர்கள். குடிநீருக்கான ஆர்ஓ, சுவைக்காகக் கொஞ்சம் தாது உப்பை விட்டுவைக்கும். சில மாடல்கள் சேர்க்கவும் செய்யும். அதன் தண்ணீர் தொட்டிக்கு ஏற்றதல்ல. தாது சேர்க்கும் பகுதிக்கு முன்பே குழாயைப் பிரித்து, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாக விட்டு, மீட்டர் 0 காட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். எண் ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்ற வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கறார்? சித்திரை வெயிலில் ஃபேன் ஓடும் தொட்டி வேகமாக வற்றும். ஆவியாவது வெறும் தண்ணீர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ளேயே தங்கிவிடும். வற்றிய அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், அதில் வருவதும் சேர்ந்துகொண்டே போகும். பாசிக்கு அதுதான் சோறு.

2. பிடுங்குங்கள். பம்பை நிறுத்திவிட்டு, ஒரு கையால் பாசியைப் பிடுங்கி, மறு கையில் சைஃபன் குழாயால் துணுக்குகளை உறிஞ்சுங்கள். மிதக்க விட்டால் வேறு இடத்தில் ஒட்டி வளரும். வெளியே எடுக்க முடிந்த பாறையை, தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரிலேயே டூத்பிரஷால் தேயுங்கள். குழாயடியில் கழுவினால் பாறையிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். வெளியேறிய அளவுக்கு, லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள புதுத் தண்ணீரை ஊற்றுங்கள்.

3. டெஸ்ட் கிட்டை அப்படியே நம்பாதீர்கள். நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது. ஆனால் தொட்டி முழுக்கப் பாசி, கிட்டோ பூஜ்யம் காட்டுகிறது என்றால், சத்து இல்லை என்று அர்த்தமில்லை. பாசி அதைத் தின்றுவிட்டது. நிஜமாகவே பூஜ்யமாக்கவும் முயல வேண்டாம். பவளம் வாடும், டைனோக்கள் என்ற நுண்ணுயிர்கள் பழுப்பு நிறக் கொழகொழப்பாகப் படரலாம். அதற்கு முடிப்பாசியே தேவலை.

4. தீனியும் வெளிச்சமும். உறைந்த இறாலைக் கரையவிட்டு, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். விளக்கு 8 மணி நேரம் போதும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் சூடாகும் கவலை குறைவு. வெயில் படும் ஜன்னலோரத்தில் மட்டும் தொட்டியை வைக்காதீர்கள்.

5. கடைசியாக நத்தை. டர்போ நத்தைகள் நன்றாக மேயும், ஆனால் நீண்டு வளர்ந்த பாசியைப் பெரும்பாலும் தொடாது. அதனால்தான் பிடுங்கிய பிறகு விடச் சொல்கிறேன். சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்கிவிட்டு விடுங்கள். அப்புறம், அவசரப்பட்டு பாசிக்கொல்லி வாங்கப் போனால் லேபிளைப் படியுங்கள்: காப்பர் இருந்தால் வேண்டாம். நத்தையும் பவளமும் தாங்காது. பாறையில் ஊறிய காப்பர் சுலபத்தில் போகவும் போகாது.