கோபத்துக்கும் ஒரு மீற்றர்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் கோபத்தைக் கையாளப் பழகும் குழு வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு: 8, 10 பேர் போதும். அமெரிக்க அரசின் பயிற்சிக் கைநூலொன்று வாரம் ஒருமுறை, 90 நிமிடம், 12 வாரம் என்று வகுத்திருக்கிறது.

அதில் எனக்குப் பிடித்தது கோப மீற்றர். 1 என்றால் அமைதி, 10 என்றால் வெடிப்பு. அந்த வாரம் எட்டிய உச்ச எண்ணை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எது கிளப்பியது, உடம்பில் முதலில் என்ன தெரிந்தது என்பதையும். கல்முனைச் சந்தையில் மீன் விற்பவருக்குத் தாடை இறுகலாம், லோன் தவணை கேட்டு வாசலில் ஆள் நிற்கும் வீட்டு அக்காவுக்குக் காது சுடலாம். அறிகுறி 4, 5இல் தெரியும்போதே விலகினால்தான் பயன். 8இல் யாருக்குப் புத்தி வேலை செய்யும்?

விலகுவதை வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்: "கொஞ்சம் வெளியில நடந்திட்டு வாறன், வந்து கதைப்பம்." சொன்னபடி திரும்பி வரவும் வேணும். நேரே தவறணைக்குப் போவது இந்தக் கணக்கில் சேராது!

கை நீட்டும் அளவுக்குப் போனவர்களுக்குக் குழு மட்டும் போதாது. பிரதேச செயலகத்து உளவளத்துணையாளரையோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடலாம். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு அழைத்தும் பேசலாம்.