புகழ்பெற்றோர் வாழ்க்கையை எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரதியார் எப்படி இறந்தார் என்று கேட்டால், யானை அடித்து இறந்தார் என்று தயங்காமல் சொல்பவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி வீழ்த்தியதும், அவர் காயம்பட்டதும் நடந்தவைதாம். ஆனால் அந்தக் காயங்களிலிருந்து அவர் தேறினார். சுதேசமித்திரனில் தொடர்ந்து எழுதினார். ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருளில் உரையாற்றிவிட்டும் வந்தார். 1921 செப்டம்பரில் அவர் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. அதுவும் 11ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி, 12ஆம் தேதி பிறந்த பின்னரே உயிர் பிரிந்தது. நினைவு நாளோ 11 என்றே நிலைபெற்றுவிட்டது.

யானை முன்னால் வந்தது, மரணம் பின்னால் வந்தது, இடையிலிருந்த நாட்களைக் கதை விழுங்கிவிட்டது. வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் காணும் பிழைகளுள் பெரும்பாலானவை, செய்தி கிடைக்காததால் நேர்பவை அல்ல என்பது என் எண்ணம். கவிஞன் நோயில் இறந்தான் என்பதைவிட, தான் பழமும் தேங்காயும் ஊட்டிய யானையால் இறந்தான் என்பது கதைக்குப் பொருந்தி வருகிறது. அந்தப் பொருத்தமே நம்மை மயக்குகிறது. ஆகவே ஒரு நிகழ்ச்சி ஒருவருடைய வாழ்க்கையோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறதோ, அவ்வளவு கூர்மையாக, இதை முதன்முதலில் எழுதியவர் யார், நிகழ்ந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதே முதல் தவறு. ‘ஆனாலும் அது சுற்றுகிறது’ என்று கலிலியோ முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். விசாரணை நடந்தது 1633இல். அந்த வாக்கியம் அச்சேறியதோ 1757இல், ஜூசெப்பே பரேட்டி என்பவர் எழுதிய நூலில். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரான்சின் அரசி மேரி அந்துவானெத் சொன்னதாக எழுதப்படுவதும் இவ்வகையே. ‘ஒரு பெரிய இளவரசி’ அப்படிச் சொன்னதாக, பெயர் குறிப்பிடாமல், தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியவர் ரூசோ. 1760களில் அவர் அந்தப் பகுதியை எழுதியபோது, 1755இல் பிறந்த மேரி அந்துவானெத் வியன்னாவில் சிறுமியாக இருந்தார். அவர் பிரான்சுக்கு வந்ததே 1770இல்தான். இதே கேள்வி சில கதைகளைக் காப்பாற்றவும் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது என்பது பிற்கால ஒட்டு. ஆனால் ஆப்பிள் விழக் கண்டு ஈர்ப்பைப் பற்றி யோசித்ததாக முதுமையில் அவரே 1726இல் தம்மிடம் சொன்னார் என்று, அவருடைய நண்பர் ஸ்டூக்லி எழுதி வைத்திருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நினைவு என்ற எச்சரிக்கையோடு அதைப் பயன்படுத்தலாம். முற்றிலும் கட்டுக்கதை என்று தள்ளுவதும் பிழைதான்.

பொன்மொழிகள் தனித்துக் குறிப்பிடத் தக்கவை. ‘உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்ற வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் காந்தியின் பெயரில் கட்டுரையின் தலைப்பிலேயே இட்டேன். வாசகர் ஒருவர் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று கேட்ட பிறகே தேடத் தொடங்கினேன். நூறு தொகுதிகளாக வெளிவந்துள்ள அவருடைய எழுத்துகளில் அந்த வாக்கியம் இல்லை. நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்குகளும் மாறும் என்ற கருத்தில் 1913இல் அவர் எழுதியது உண்டு. சுவரொட்டிக்கு ஏற்ற சுருக்கம் அதில் இல்லை என்பதால், பின்வந்தவர்கள் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள் போலும். ‘முதலில் உங்களைப் புறக்கணிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள்’ என்று தொடங்கும் இன்னொன்றும் அவர் பெயரில் உலவுகிறது. அதையொத்த வாசகம் 1918இல் அமெரிக்கத் தொழிற்சங்க மாநாடு ஒன்றில் நிக்கலஸ் கிளைன் ஆற்றிய உரையில் காணப்படுகிறது. ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிர் கொடுத்தும் காப்பேன்’ என்று கருத்துரிமை பற்றி வால்டேர் சொன்னதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் வாக்கியமோ, அவருடைய மனநிலையை விளக்க 1906இல் எவலின் பியாட்ரிஸ் ஹால் என்ற பெண்மணி தாமே எழுதியது. அவர் அதை மேற்கோள் குறிக்குள் இட்டதுதான் வினையாயிற்று. நூலும் பக்கமும் கிடைக்காத மேற்கோளைச் சேர்க்காமல் விடுவதால் கட்டுரை கெட்டுவிடாது.

நம்மிடையே மேற்கோள்களைப் பிறப்பிக்கும் இன்னோர் ஊற்று திரைப்படம். ராமநாதபுரத்தில் 1798இல் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததற்குக் கம்பெனி ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் வரி, வட்டி, கிஸ்தி என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் உரை 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம். வசனம் சிறப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பாளையக்காரரின் சொந்தச் சொற்களாக வரலாற்றுக் கட்டுரையில் அச்சிடுவதுதான் தவறு. படம் பார்த்துவிட்டு எழுத உட்காருபவர், தாம் எழுதும் ஒவ்வொரு உரையாடலுக்கும் அருகில் யார் கேட்டு எழுதியது என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டால், பாதி உரையாடல்கள் தாமே உதிர்ந்துவிடும்.

ஒரே பெயருடைய பலரை ஒருவராக்குவது தமிழில் மிகப் பழைய தவறு. அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டில் போற்றிய ஔவையார் சங்க காலத்தவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். நெல்லிக்கனி நீண்ட ஆயுளைத் தரும் என்ற கதை இருவரையும் இணைக்க மிகவும் வசதியாக இருந்தது. அரசர்களோடு கள்ளுண்டு பாடி, தூதும் சென்ற சங்கப் புலவர் அந்த இணைப்பில் காணாமற்போய், கோலூன்றிய மூதாட்டி மட்டும் மிஞ்சினார்.

நாள், அளவு, ஊர், பணம் ஆகியவற்றில் நேரும் பிழைகள் சிறியவையாகத் தோன்றினாலும், அவற்றின்மேல் பெரிய கட்டடங்கள் எழுந்துவிடுகின்றன. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று எழுதி, அறிவியல் சுடர் கைமாறியதாக வியப்பார்கள். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இன்று நாம் பின்பற்றும் கிரெகோரியன் நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்து அப்போது பின்பற்றிய, பத்து நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. நியூட்டனின் பிறந்த நாளைக் கிரெகோரியன் கணக்குக்கு மாற்றினால் அது 1643 ஜனவரி 4 ஆகிறது. கலிலியோவின் இறந்த நாளை ஜூலியனுக்கு மாற்றினால் 1641 டிசம்பர் 29 ஆகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் ஆண்டு ஒன்றாவதில்லை. நெப்போலியனின் உயரமும் இப்படித்தான்: பிரெஞ்சு அளவில் சுமார் 5 அடி 2 அங்குலம் என்று குறித்ததை ஆங்கில அளவாகப் படித்ததால் அவர் குள்ளரானார், மெட்ரிக்கில் அது ஏறத்தாழ 168 சென்டிமீட்டர், அக்காலத்துப் பிரெஞ்சுக்காரருக்குச் சாதாரண உயரம். அன்னை தெரசா வட மாசிடோனியாவில் பிறந்தார் என்று எழுதுவதைவிட, 1910இல் உதுமானியப் பேரரசில் இருந்த, இன்று வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் பிறந்தார் என்று எழுதுவது நீளமானாலும் சரியானது.

ஒருவருடைய வாழ்க்கையில் ஒரு காட்சி ஒளி மிகுந்து அமைந்துவிட்டால், மற்ற ஆண்டுகள் இருட்டாகிவிடுகின்றன. புளோரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கோடு போர் மருத்துவமனையில் நடந்தது 1854 நவம்பர் முதல் 1856 கோடைக்காலம் வரை, இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அதன் பிறகு அவர் 1910 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுநீர் வழிகளைச் சீர்செய்த பின்னரே அந்த மருத்துவமனையில் சாவுகள் வெகுவாகக் குறைந்தன என்பதைப் போர் முடிந்து நாடு திரும்பியபின், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோது அவர் உணர்ந்தார். 1858இல் அதை வண்ண வரைபடமாக்கி, ஆள்வோருக்குப் புரியும்படி காட்டினார். தம் மருத்துவமனையில் நடந்ததைத் தாமே எண்களால் விசாரித்த அந்தத் துணிவு, விளக்கேந்திய சித்திரத்தில் தெரிவதில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றிய கட்டுரைகளும் கப்பலில் தொடங்கிச் செக்கில் முடிந்துவிடுகின்றன. 1912 டிசம்பரில் விடுதலையான அவர் 1936 வரை வாழ்ந்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். சிறைக்குப் பிந்தைய ஏறத்தாழ 24 ஆண்டுகளை, வறுமையில் வாடினார் என்ற ஒற்றை வரியில் முடிப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

தனியொருவராகவே எல்லாம் சாதித்தார் என்னும் புனைவு ராமானுஜன் வரலாற்றில் மிக ஆழமாக வேரோடியிருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத ஏழைக் குமாஸ்தாவைக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி ஒருவரே கண்டெடுத்தார் என்று கதை போகும். ராமானுஜன் 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே நடந்தவை என்னென்ன? 1910இல் அவருடைய நோட்டுப்புத்தகத்தைப் பார்த்து வியந்து, சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியவர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய ராமஸ்வாமி ஐயர். அந்தக் கழகத்தின் இதழிலேயே 1911இல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்துதவினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் வேலை கிடைத்த பிறகு, அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் சிலேட்டை வைத்துக்கொண்டு அவரோடு இரவு நேரங்களில் கணக்குப் போட்டார். இவர்களை நீக்கிவிட்டால் ராமானுஜன் உயர்ந்து தெரிவார் என்று நினைப்பது விந்தையானது. அக்காலச் சென்னையில் கணிதம் பேசும் ஒரு சிறு வட்டம் இருந்தது என்ற அரிய செய்திதான் அதனால் அழிகிறது. அவருடைய 30 ரூபாய்ச் சம்பளத்தை இன்றைய 30 ரூபாயாக எண்ணி இரங்குவதும் உண்டு. அதைப் பிற்காலத்தில் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த 75 ரூபாய் உதவித்தொகையோடு ஒப்பிட்டால் பொருள் விளங்கும். நோயுற்றிருந்தபோது பார்க்க வந்த ஹார்டி சொன்ன 1729 என்ற வாடகைக் கார் எண்ணைக் கேட்ட கணத்தில், இரு கனங்களின் கூட்டாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று மின்னலாகக் கண்டார் என்பதும் அரைகுறை. 9, 10, 12 ஆகியவற்றின் கனங்களை இணைக்கும் அந்தச் சமன்பாடு அவருடைய குறிப்பேடுகளில் இருக்கிறது. இரு முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் கனம் வராது என்பது பெர்மா என்ற கணிதவியலாளரின் கூற்று; அந்தச் சமன்பாட்டை மயிரிழையில், ஒன்று மட்டும் கூடியோ குறைந்தோ, தவறவிடும் எண்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். நோயாளிப் படுக்கையில் வந்து விழுந்தது நெடுநாள் உழைப்பின் விளைவு.

அநீதியைச் சொல்லும்போதும் அது எந்த அநீதி என்று சரியாகச் சொல்ல வேண்டும். ரோசலிண்ட் பிராங்க்ளினுக்கு நோபெல் பரிசு மறுக்கப்பட்டது என்று எழுதுகிறார்கள். டிஎன்ஏ அமைப்புக்கான பரிசு அறிவிக்கப்பட்டது 1962இல். அவர் 1958லேயே, 37 வயதில், இறந்துவிட்டார். அவருக்கு உண்மையில் இழைக்கப்பட்டது வேறு: அவருடைய ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் 1953இல் அவருக்குத் தெரியாமல், பின்னர் அந்தப் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான வாட்சனுக்குக் காட்டப்பட்டது. தவறான குற்றச்சாட்டை வைப்பவர், எதிர்த்தரப்பு அதை எளிதாக மறுத்துவிட்டுப் போக வழி திறந்துவிடுகிறார்.

தன்வரலாறு இருந்தால் கவலையில்லை என்று எண்ணுவதும் சரியல்ல. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்தபோதே, 1942இல் அவர் மறைந்தார். ஆகவே அது முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதை மட்டும் வைத்து எழுதுபவரின் கட்டுரையில், இருபதாம் நூற்றாண்டில் அவர் செய்த பதிப்புகள் இயல்பாகவே மெலிந்துபோகின்றன. தாமஸ் ஹார்டி என்ற ஆங்கில நாவலாசிரியரோ, தம் வாழ்க்கை வரலாற்றின் பெரும்பகுதியைத் தாமே எழுதி, தம் மறைவுக்குப் பின் மனைவியின் பெயரில் வெளிவரச் செய்தார்.

படம் சேர்க்கும்போதும் இதே விழிப்பு வேண்டும். திருவள்ளுவரின் முகமாக நாம் அறிவது, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால், இருபதாம் நூற்றாண்டில், வேணுகோபால் சர்மா வரைந்தது. படத்தின் கீழே திருவள்ளுவர் என்று மட்டும் போடாமல், ஓவியர் பெயரையும் சேர்த்து அச்சிடுவதற்கு ஒரு வரி போதும்.