டிஎல்எல் கோப்பு இல்லை என்று விண்டோஸ் சொன்னால்

'விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை', 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை' என்று பிழை வந்தால் அந்த டிஎல்எல் கோப்பை (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பை) மட்டும் தனியாகத் தேடி இறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை நிறுவுங்கள். எக்ஸ்86 (32-பிட்), எக்ஸ்64 (64-பிட்) இரண்டையுமே போடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

காரணம் எளிது. 64-பிட் விண்டோஸில் ஓடினாலும், 32-பிட் மென்பொருளுக்கு 32-பிட் நூலகக் கோப்புதான் வேண்டும்; எக்ஸ்64 மட்டும் இருந்தால் பிழை அப்படியே நிற்கும். தொகுப்பாக நிறுவும்போது ஒன்றையொன்று சார்ந்த எல்லாக் கோப்புகளும் சரியான கோப்புறைகளில் சேர்ந்துவிடும். ஒற்றைக் கோப்பாக எங்கிருந்தோ எடுத்தால் அடுத்த கோப்பு இல்லை என்று பிழை தொடரலாம், வைரஸும் கூடவே வரலாம். அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

பெயரில் உள்ள எண்ணையும் பாருங்கள். 140 என்றால் 2015 அல்லது அதற்குப் பிந்தைய விஷுவல் சி++ தொகுப்பு, 120 என்றால் 2013, 100 என்றால் 2010. எண் வேறானால், புதியது பழையதற்கு ஈடாகாது.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்புகளுக்கு விஷுவல் சி++ தொகுப்பு உதவாது. அவை விளையாட்டுகளின் வரைகலைக்குப் பயன்படும் பழைய டைரக்ட்எக்ஸ் ரன்டைமைச் சேர்ந்தவை. மென்பொருளின் சொந்தக் கோப்பே காணாமல் போயிருந்தால், ஆன்டிவைரஸ் அதைத் தடுத்து வைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு மென்பொருளை மறுபடி நிறுவுங்கள்.