கிளினிக்கல் சைக்காலஜி படிக்க ஆசையா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் பாருங்கள்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தாலே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் உளவியலாளர், ஆகிவிடலாம் என்று நம்பிச் சேருகிற பிள்ளைகள் நிறைய. இந்தியாவில் அப்படி இல்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற கிளினிக்கல் சைக்காலஜி படிப்பு ஒன்று வேண்டும், அல்லது சைக்காலஜி முதுகலைக்கு மேல் இத்துறையில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். அதிலும் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சி கட்டாயம். படிப்புக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். முடித்தபின் அங்கே பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்.ஃபில். பட்டமே விடைபெற்று வருகிறது, படிப்புகளின் பெயர்களும் மாறுகின்றன. அதனால் கல்லூரி விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து, நீங்கள் சேரும் படிப்புக்கு இல்லாமல் போகலாம்! தபால் வழியில் படிக்கலாம் என்றால், 2025 ஜூலை முதல் சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ புதிதாக நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை.

சரி, இளங்கலையில் என்ன செய்யலாம்? புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள், உளவியல் சோதனைகளின் மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ள அதுதான் அடிப்படை. அப்புறம், தமிழில் பேசிப் பழகுங்கள். 'டிப்ரஷன்' என்று சொல்லத் தெரியாத அம்மா 'மனசே சரியில்லப்பா, நெஞ்சு பாரமா இருக்கு' என்றுதான் சொல்வார். அதைக் காதுகொடுத்துக் கேட்கப் பாடப்புத்தகம் மட்டும் போதாது.