வண்டி யாருடையது, ஓட்டம் யாருக்கு? இன்சூரன்ஸில் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனி வண்டிகள் நான்குக்கும் இன்சூரன்ஸ் புதுப்பிப்பது என் தலையில்தான். கிளெய்ம் ஃபாரத்தில் எல்லோரும் யோசிக்காமல் தாண்டிப் போகிற ஒரு கேள்வி உண்டு: விபத்து நடந்தபோது வண்டி எந்த வேலைக்காக ஓடிக்கொண்டிருந்தது? பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டியவர்கள்கூட மாட்டிக்கொள்வது இந்த ஒரு வரியில்தான்.

முதலில் ஒரு வீண் பயத்தைப் போக்கிவிடலாம். சொந்தக் காரில் ஆபீஸ் வேலையாகப் போனாலே பாலிசி செல்லாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசி விலக்கி வைப்பது சிலவற்றைத்தான்: வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், வண்டி வியாபாரம் சார்ந்த ஓட்டம். வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது இதில் எதிலும் வராது. சாம்பிளும் சொந்தச் சாமானும் எடுத்துப் போகலாம். சரக்கு கூடாது.

சாம்பிளுக்கும் சரக்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். எங்கள் சேல்ஸ் பையன் ஒருநாள் அவசர ஆர்டர் என்று பம்ப் உதிரிபாகங்களை நான்கு பெட்டியாகத் தன் காரில் ஏற்றிக்கொண்டு பொம்மசந்திராவுக்குக் கிளம்பினான். சில்க் போர்டு தாண்டி முன்னால் நின்ற பஸ்ஸில் இடித்துவிட்டான். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் ஷெட்டுக்கு வந்த சர்வேயர் பம்பரைப் பார்ப்பதற்கு முன் பின்சீட்டைப் பார்த்தார். பெட்டிகள் இறக்காமல் அப்படியே கிடந்தன. மேலே டெலிவரி சலான், 40 பீஸ். "கோயிலுக்குப் போனேன்னு எழுதிடு" என்று மேனேஜர் போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கோயிலுக்கு 40 பீஸ் காணிக்கை? கிளெய்ம் தள்ளுபடியானது. ரிப்பேர் செலவில் பாதியைக் கம்பெனி கொடுத்தது, மீதி அந்தப் பையன் சம்பளத்தில் போனது. சரக்குக்குச் சரக்கு வண்டிதான்.

இதைவிடப் பெரிய தவறு ஒயிட் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை, மாத வாடகைக்குக் கம்பெனியில் 'அட்டாச்' செய்வது. டேக்ஸிக்கான வரியும் பெர்மிட்டும் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதமே 10,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டுப் போகலாம், சரி. விபத்தானால்? சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கட்டும், அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்லவும் வாய்ப்புண்டு. லட்சக்கணக்கில் வரும் தொகை அது. அட்டாச் செய்யத்தான் வேண்டும் என்றால் எல்லோ போர்டாக, அதாவது டேக்ஸியாக மாற்றி, அதற்குரிய பாலிசி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி கம்பெனி வண்டி. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குப்பா, தைரியமா ஓட்டு" என்று சாவியைக் கையில் கொடுப்பார்கள். வண்டிக்கு இருக்கிறது. ஓட்டுகிற உங்களுக்கு? 15 லட்ச ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு என்பது, ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளர் தானே ஓட்டும்போதுதான். கம்பெனி பேரில் உள்ள வண்டிக்கு அதைக் கொடுக்கவே மாட்டார்கள். முதலாளி பேரில் இருந்தாலும் அது அவருக்கு, உங்களுக்கு இல்லை. சம்பள டிரைவருக்கும், வண்டியில் போகிற மற்ற ஊழியர்களுக்கும் கம்பெனியின் பொறுப்பை ஏற்கத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பிரிவுகள் உண்டு. பிரீமியம் மிகக் குறைவு, அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. பாலிசி ஷெட்யூலில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு இருக்கும். அதற்கு மேல் வாங்குபவர்கள் குரூப் விபத்துப் பாலிசி உண்டா என்று எச்.ஆரிடம் விசாரிப்பது நல்லது.

குட்டி யானையில் லோடு ஏற்றிவிட்டு, மேலே நாலு பேரை உட்கார வைத்து அனுப்புவது பீன்யாவில் தினமும் கண்ணில் படும் காட்சி. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ என்றால் கதை வேறு. ஓசி சவாரிக்கு ஒன்றுமில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நிம்மதி. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. ஆனால் காலாவதியான லைசென்ஸுக்கு முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் கலெக்‌ஷனுக்குச் சுற்றுகிறவர்கள் "எனக்கு அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்" என்பார்கள். புது பைக்கோடு வரும் அந்த ஐந்து வருடம் தேர்டு பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் அடுத்தவருக்கு மட்டும். நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். அதேபோல ஓசூரில் வாங்கிய பழைய காரை டி.என். 70 நம்பரோடு, பழைய ஓனர் பேரிலுள்ள பாலிசியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இங்கே நிறைய. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பேர் மாற்றக் கேட்க வேண்டும். அப்படியே விட்டால் சொந்தச் சேதத்துக்கு ஒன்றும் வராது.

அப்புறம் மழை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் கார்கள் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளச் சேதம் ஓன் டேமேஜில் வரும். ஆனால் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜின் லாக் ஆனால், அதை உங்கள் தவறாகத்தான் பார்ப்பார்கள். இன்ஜினுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் தனி ஆட்-ஆன் இருந்தால்தான் பேச முடியும். கம்பெனி வண்டி நடுரோட்டில் நின்றால் திட்டு விழும் என்ற பயத்தில்தான் டிரைவர்கள் சாவியைத் திருப்புகிறார்கள். எங்கள் நான்கு வண்டி டேஷ்போர்டிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதே, போன் பண்ணு." கீழே என் நம்பர்.