எல்கேஜிக்கு ஸ்கூல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிஞ்சாலே அட்மிஷன் பேச்சு ஆரம்பிச்சிடும். எங்க அப்ளிகேஷன் குடுக்குறாங்க, எங்க டொனேஷன் எவ்வளவுன்னு சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, வாட்ஸ்அப் குரூப்னு எல்லா பக்கமும் இதே பேச்சுதான், அந்த பதட்டத்துல நாங்களும் ஓடிப்போய் ஒரு பெரிய ஸ்கூல்ல சேர்த்துட்டு ஒரே வருஷத்துல பாப்பாவ வேற ஸ்கூலுக்கு மாத்தினோம். அதனாலதான் இத எழுதுறேன்.

நாங்க பண்ண பெரிய தப்பு, மூணு வயசு குழந்தைக்கு ஸ்கூல் தேடிட்டு பிளஸ் டூ ரிசல்ட்ட பாத்தது. வாசல்ல 590க்கு மேல எடுத்த பசங்க போட்டோவோட பெரிய ஃபிளக்ஸ் இருந்துச்சு. அதுல எத்தனை பேர் எல்கேஜில இருந்தே அங்க படிச்சவங்க, எத்தனை பேர பத்தாவது மார்க்க பாத்து பதினொண்ணுல சேர்த்துக்கிட்டாங்க, சுமாரா படிச்ச எத்தனை பேர ஒன்பதாவதோட டிசி வாங்கிக்க சொன்னாங்கன்னு அந்த ஃபிளக்ஸ்ல இருக்காது. சின்ன குழந்தைக்கு வேண்டியதே வேற. ஒரு கிளாஸ்ல எத்தனை பேர், ஆயாம்மா இருக்காங்களா, பாத்ரூம் வருதுன்னு பயப்படாம கேக்க முடியுமா, இதுதான். எங்க பாப்பா காலைல 7 மணிக்கு வேன் ஏறுவா, சாயங்காலம் நாலரைக்கு வந்து இறங்குவா, அவ்வளவு நேரமும் பாத்ரூம் போகாம அடக்கி வெச்சிருந்துருக்கா, யூரின் இன்ஃபெக்ஷன் வந்து டாக்டர் கேட்டப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஸ்கூல சுத்திக் காட்டும்போது ஸ்மார்ட் கிளாஸ அப்புறம் பாத்துக்கலாம், சின்ன பசங்க பாத்ரூம காட்டுங்கன்னு முதல்ல கேளுங்க. அதுவும் மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் போய் பாருங்க, காலைல கழுவி விட்டுருப்பாங்க.

அடுத்தது இந்த சிலபஸ் குழப்பம். மெட்ரிகுலேஷன்னா பாடமே தனின்னு இன்னமும் நிறைய பேர் நம்புறாங்க. அரசு ஸ்கூலுக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே பாடம்னு சமச்சீர் கல்வி சட்டம் வந்தது 2010ல, முதல் வருஷம் 1ஆம் வகுப்புக்கும் 6ஆம் வகுப்புக்கும், 2011ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் பத்தாவது வரைக்கும். அரசு ஸ்கூல்ல இலவசமா குடுக்குற அதே பாடம்தான் மெட்ரிக்லயும். அப்ப ஃபீஸ் எதுக்கு கட்டுறோம், டீச்சருக்கா கட்டடத்துக்கான்னு நேரா பாத்து முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, போர்டுல 'சிபிஎஸ்இ பேட்டர்ன்'னு போட்டிருந்தா அஃபிலியேஷன், அதாவது சிபிஎஸ்இ இணைப்பு நம்பர் கேளுங்க, சிபிஎஸ்இ வெப்சைட்லயே செக் பண்ணலாம். பேட்டர்ன் வேற, அஃபிலியேஷன் வேற.

நீட்ட நினைச்சு எல்கேஜிலயே பதறுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நீட் கேள்வி எல்லாம் பதினொண்ணு, பன்னெண்டு பாடத்துல இருந்துதான். 6ல இருந்து 12 வரைக்கும் அரசு ஸ்கூல்ல படிச்சா மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல இருந்தே இருக்கு. அரசு ஸ்கூல எட்டிக்கூட பாக்காம லிஸ்ட்ல இருந்து எடுத்துடுறது எனக்கு ரொம்ப வருத்தமான தப்பா படுது.

பணம். முதல் வருஷ ஃபீஸ மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, வேன், புக்ஸ், யூனிஃபார்ம், ஆண்டு விழா டிரஸ் எல்லாம் கூட்டிப் பாருங்க. தனியார் ஸ்கூல் ஃபீஸ நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஒரு கமிட்டி இருக்கு, அந்த ஸ்கூலுக்கு அவங்க எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு போங்க, ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. ஆர்டிஇல, அதாவது இலவச கட்டாயக் கல்வி உரிமை சட்டத்துல, சிறுபான்மை ஸ்கூல் தவிர்த்து மத்த தனியார் ஸ்கூல்ல 25 சதவீத சீட் இருக்கு, நலிவடைந்த பிரிவுக்கு வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும். தகுதி இருந்தும் தேதி தெரியாம விட்டவங்கள நானே பாத்திருக்கேன்.

தூரத்த சாதாரணமா நினைக்காதீங்க. 2012ல சென்னை பக்கத்துல ஸ்கூல் பஸ்ல இருந்த ஓட்டை வழியா விழுந்து ரெண்டாவது படிச்ச குழந்தை இறந்து போச்சு, அதுக்கப்புறம்தான் ஸ்கூல் வண்டிக்குன்னு தனி விதிகளே வந்துச்சு. வேன்ல உதவியாளர் இருக்காங்களான்னு கேக்குறதோட நிக்காதீங்க, ஒரு நாள் உள்ள ஏறிப் பாருங்க. மாடிப்படியையும் பாருங்க. கும்பகோணத்துல 2004ல ஸ்கூல் தீ விபத்துல 94 குழந்தைங்கள பறிகொடுத்தோம், கீத்துக் கூரை ஒரு காரணம்னா குறுகலான படியும் ஒரு காரணம்.

அட்மிஷன் போடுறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு வேலை நாள்ல ஸ்கூல் விடுற நேரத்துக்கு வாசல் கேட் பக்கத்துல அரை மணி நேரம் நில்லுங்க. குழந்தைங்க எப்படி வெளிய வர்றாங்கன்னு பாருங்க. அங்க நிக்கிற யூகேஜி அம்மாக்கள்கிட்ட, போன வருஷம் ஏதாவது பிரச்சனைன்னு போனப்ப மிஸ் உக்கார வெச்சு பேசினாங்களா, இல்ல ஆபீஸ்ல லெட்டர் குடுக்க சொன்னாங்களான்னு கேளுங்க. நாங்க இத ரெண்டாவது ஸ்கூலுக்குதான் பண்ணோம்.